பிளக்ஸ்லாண்டின் 'இல்லை' யாருடையது?



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்துவது பற்றி நாட்டில் பேச்சு எழும்போதெல்லாம் நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் சுற்றத் தொடங்கிவிடுகிறது. சிட்னி நகரின் வரைபடம் அது. கடற்கரைப் பக்கம் ஒரு நிறம், மேற்குப் பக்கம் இன்னொரு நிறம். கீழே ஒரு வரி: "முஸ்லிம்கள் வாழும் இடத்தில் ஒருபாலினத் திருமணத்துக்கு 74 வீதம் எதிர்ப்பு." அதற்குக் கீழே வரிசையாக மாஷா அல்லாஹ். (365ஐத் திருத்துவது என்பது குற்றமாக இருக்கும் ஒன்றைக் குற்றமில்லை என்று ஆக்குவது. திருமணச் சட்டத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. இரண்டையும் போட்டுக் குழப்புவது பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.)

எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலும் இந்தப் படம் வந்தது. "பாத்தீங்களா சேர், நம்மட ஆக்கள் உறுதியா நிண்டிருக்காங்க" என்றார் ஒருவர். அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க விருப்பமில்லை. ஆனால் சிட்னி லகெம்பாவில் இருக்கும் நமது உறவுக்காரர் ஒருவர் இதே படத்தைப் பற்றிச் சொன்னது வேறு கதை. முடிவு வந்த மறுநாள் வேலைத்தளத்தில் அவரிடம் கேட்டிருக்கிறார்கள்: "உங்கட ஆட்கள்தானே இந்த வேலையைச் செய்தது?" அவர் யாருக்கு வாக்களித்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள். இங்கே மாஷா அல்லாஹ் போடுகிறவரும் அங்கே விரல் நீட்டுகிறவரும் ஒரே கூட்டலைத்தான் செய்கிறார்கள். அந்தக் கூட்டல் பிழை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். அவுஸ்திரேலியாவில் 2017 செப்டம்பரில் தபால் மூலம் ஒரு கேள்வி அனுப்பப்பட்டது: ஒருபாலினத்தவர் திருமணம் செய்ய அனுமதிக்கும்படி சட்டம் மாற வேண்டுமா? ஆம், இல்லை. அங்கே தேர்தலில் வாக்களிப்பது கட்டாயம். இது மட்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. அப்படியிருந்தும் 79.5 வீதமானோர் படிவத்தைத் திருப்பியனுப்பினார்கள். நவம்பர் 15ஆம் திகதி முடிவு வந்தது. 'ஆம்' 61.6, 'இல்லை' 38.4. மொத்தம் 150 தொகுதிகளில் 133 'ஆம்' என்றன. 17 மட்டும் 'இல்லை' என்றன. அந்தப் பதினேழில் 12 சிட்னியில்.

பதினேழில் முதலிடம் பிளக்ஸ்லாண்டுக்கு: 73.9 வீதம் 'இல்லை'. ஓபர்ன் கலிப்பொலிப் பள்ளிவாசல் இருக்கும் பக்கம் அது. அடுத்தது வொட்சன், 69.6. லகெம்பா அதற்குள்தான் வருகிறது. படம் பரப்புகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நாங்கள் ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் மதிப்பீட்டுப் பாடம் எடுத்த சேர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்று உண்டு. ஒரு வகுப்பின் சராசரியைப் பார்த்து ஒரு பிள்ளையின் புள்ளியைச் சொல்லாதே. அதைத்தான் இங்கே மறந்துவிடுகிறோம். ஓய்வறையின் கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினோம். 2016 குடிசன மதிப்பீட்டின்படி பிளக்ஸ்லாண்டில் முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்கை எட்டவில்லை. வசதிக்காக நூறு வாக்காளரில் 30 பேர் முஸ்லிம்கள் என்று வைப்போம். (உண்மையில் வாக்காளரிடையே இன்னும் குறையலாம். பிள்ளைகளும் பிரஜாவுரிமை இல்லாதவர்களும் குடிசன மதிப்பீட்டில் இருப்பார்கள், வாக்காளர் இடாப்பில் இருக்க மாட்டார்கள்.) அந்த 30 பேரும் ஒருவர் விடாமல் 'இல்லை' என்றே போட்டார்கள் என்று வைப்போம். மொத்த 'இல்லை' 74. மிச்சம் 44 எங்கிருந்து வந்தது? முஸ்லிம் அல்லாத 70 பேரிலிருந்து. எழுபதில் 44 என்றால் 63 வீதம். அதாவது பிளக்ஸ்லாண்டில் ஒரு முஸ்லிம்கூட இல்லாவிட்டாலும் அந்தத் தொகுதி 'இல்லை' என்றுதான் சொல்லியிருக்கும். முப்பதில் சிலர் 'ஆம்' போட்டிருந்தால் மற்றவர்களின் 'இல்லை' இன்னும் கூடும்.

அந்தச் சிலர் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. அங்குள்ள புள்ளிவிபரவியல் பணியகம் 'ஆம்', 'இல்லை' எண்ணிக்கையைத் தொகுதி வாரியாக மட்டுமே வெளியிட்டது. எந்த மதத்தவர், எந்த மொழிக்காரர் எப்படிப் போட்டார் என்று படிவத்தில் கேட்கவே இல்லை.

மற்றத் தொகுதிகளைப் பாருங்கள். மக்மஹோன் 64.9. ஈராக்கிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்த அசீரிய, கல்தேயக் கிறிஸ்தவர்கள் நிறைந்த பகுதி. ஃபௌலர் 63.7. கப்ரமட்டா பக்கம், வியட்நாமியர், அவர்களில் பௌத்தர்களும் கத்தோலிக்கர்களும். பெனலோங்கில் சீனரும் கொரியரும். அங்கே மயிரிழை: 50.2. பரமட்டாவில் 'இல்லை' 61.6. நாடு முழுவதும் 'ஆம்' பெற்ற அதே எண், தலைகீழாக. வென்ட்வேர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி என்று நமது நாட்டுத் தமிழர்கள் கடை வைத்து, கோயில் கட்டி, சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை நடத்தும் இடங்கள் பரமட்டா, கிரீன்வே தொகுதிகளின் பக்கம்தான் இருக்கின்றன. கிரீன்வேயும் 'இல்லை'தான், 53.6. இதை யாராவது "இந்துக்களின் தீர்ப்பு" என்று படம் போட்டார்களா?

குவீன்ஸ்லாந்தின் உட்பகுதியில் மரனோவா, கென்னடி, குரூம் என்ற மூன்று தொகுதிகளும் 'இல்லை' என்றன. மாடும் கோதுமையும் கரும்பும் விளையும் நாட்டுப்புறம். பரம்பரை பரம்பரையாக அங்கேயே இருக்கும் வெள்ளைக்காரக் குடும்பங்கள்தான் பெரும்பான்மை. மரனோவாவில் 56.1. அந்தப் பக்கம் பள்ளிவாசலைத் தேடினால் கால் வலிக்கும்.

அப்படியானால் இந்தப் பதினேழையும் எது ஒன்று சேர்க்கிறது? ஒரே ஒரு காரணம் சொல்ல முடியாது. வெளிநாட்டில் பிறந்தவர்களின் தொகை, வீட்டில் பேசும் மொழி, வாரம் தவறாமல் வணக்கத்தலம் போகும் பழக்கம், வயது எல்லாம் கலந்து கிடக்கிறது. மெல்பேர்னின் வடக்கே அடுத்தடுத்து இரண்டு தொகுதிகள் இருக்கின்றன: கல்வெல், வில்ஸ். இரண்டிலும் நமது சகோதரர்கள் வாழ்கிறார்கள், இரண்டிலும் பள்ளிவாசல்கள் உண்டு. கல்வெல் 56.8 வீதம் 'இல்லை'. வில்ஸ் 70 வீதமளவில் 'ஆம்'. வில்ஸின் தெற்குப் பக்கம் நகரத்தோடு ஒட்டிய பிரன்ஸ்விக். பல்கலைக்கழகத்து இளைஞர்கள் வாடகைக்கு இருக்கும் இடம். ஒரு தொகுதியின் எல்லைக்கோடு எந்தத் தெருவால் போகிறது என்பதே பாதி விடையைத் தீர்மானித்துவிடுகிறது.

ஆசிரியர்களான நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கேள்வி திருமணத்தைப் பற்றியது. ஆனால் 'இல்லை' தரப்பின் தொலைக்காட்சி விளம்பரத்தில் தாய்மார்கள் வந்து பேசியது பாடசாலையைப் பற்றி: பிள்ளைக்கு வகுப்பில் என்ன படிப்பிக்கப் போகிறார்கள்? அதே பேச்சு சீனத்திலும் அரபியிலும் மேற்கு சிட்னிக்குப் போனது. அங்குள்ள தாய் தகப்பனில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. பிள்ளையின் பாடசாலைக் கடிதத்தையே பிள்ளையைக் கொண்டு வாசிப்பிக்கிறவர்கள். அவர்கள் தங்கள் பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்ற கேள்விக்கு விடை எழுதினார்கள். வினாத்தாளில் ஒரு கேள்வி, விடைத்தாளில் இன்னொரு கேள்விக்கு விடை. திருத்தும்போது நாம் அடிக்கடி காண்பதுதான். அதற்காக அந்த விடையைப் பொய் என்று தள்ளவும் முடியாது.

அரசியலில் இது விட்ட இடமும் விசித்திரமானது. 'இல்லை' சொன்ன பதினேழில் 11 தொகுதிகள் தொழிற் கட்சியுடையவை. ஆனால் அக்கட்சியோ 'ஆம்' பக்கம். மறுபுறம், 'இல்லை' பிரசாரத்தின் முக்கிய முகமாயிருந்த முன்னாள் பிரதமர் டோனி அபொட்டின் வொரிங்காவில் 75 வீதம் 'ஆம்'. டிசம்பரில் சட்டம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது எதிர்த்தவர்கள் நால்வர் மட்டுமே. சிஃப்லி தொகுதியில் 58.7 வீதம் 'இல்லை'. அதன் உறுப்பினர் எட் ஹுசிக் ஒரு முஸ்லிம். அந்த நால்வரில் அவர் இல்லை. இன்னொரு முஸ்லிம் உறுப்பினர் ஆன் அலியும் இல்லை. நால்வரில் இருவர் யார் என்றால் மரனோவாவின் உறுப்பினரும் கென்னடியின் உறுப்பினரும்.

இப்படி ஒரு சமூகத்தின் தலையில் முடிவைக் கட்டிவிடுவது அவுஸ்திரேலியாவில் தொடங்கியதல்ல. 2008இல் கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்தைத் தடுக்கும் எட்டாம் இலக்கப் பிரேரணை 52 வீதத்தால் வென்றது. அன்றிரவே ஒரு கருத்துக்கணிப்பு கறுப்பின வாக்காளரில் 70 வீதம் அதை ஆதரித்ததாகச் சொன்னது. பழி முழுக்க அவர்கள்மேல் விழுந்தது. சில வாரங்களில் ஈகன், ஷெரில் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கைத் திரும்பப் பார்த்தார்கள். அந்த 70 மிகைக் கணக்கு, உண்மை அறுபதுக்கும் குறைவு என்றும், நிறத்தைவிட வயதும் கட்சியும் தேவாலயம் போகும் பழக்கமும்தான் வாக்கைத் தீர்மானித்தன என்றும் எழுதினார்கள். பழி சொன்னவர்களில் எத்தனை பேர் அதை வாசித்திருப்பார்கள்?

நமக்கு இது புதிதா? 2019 ஜனாதிபதித் தேர்தல் வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். வடக்கும் கிழக்கும் ஒரு நிறம். அந்த நிறத்தைக் காட்டிக் காட்டி எத்தனை மாதம் நம்மைப் பேசினார்கள்! திகாமடுல்ல மாவட்டம் முழுவதும் சஜித்தின் நிறத்தில் இருந்தது. உள்ளே அம்பாறைத் தொகுதியில் முன்னணியில் நின்றவர் கோட்டாபய. கல்முனையில் அவருக்கு விழுந்த வாக்குகளும் உண்டு. வரைபடத்தில் அவை எங்கே?

நிக்காஹ் பற்றிய மார்க்கத்தின் நிலைப்பாடு நமக்குத் தெளிவு. அதில் நமக்குத் தடுமாற்றம் இல்லை, இந்தப் பதிவு அதைப் பற்றியதும் இல்லை. ஆனால் ஓய்வறையில் இன்னொரு வாதமும் வந்தது: "இங்கயும் சனத்திட்ட வாக்கெடுப்புக்கு விட்டா நல்லம்தானே?" இதில்தான் நமக்குப் பயம். சுவிற்சர்லாந்தில் 2009 நவம்பரில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பள்ளிவாசல்களில் மினாரா கட்டலாமா கூடாதா என்று. அந்த நாட்டில் அப்போது இருந்ததே நான்கு மினாராக்கள். 57.5 வீதமானோர் கூடாது என்று தடை போட்டார்கள். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் ஜெனீவாவும் பாசல் நகரமும் தடையை நிராகரித்தன. ஆகக் கூடுதலாகத் தடை கேட்டது அப்பன்செல் என்ற சின்ன மலைநாட்டு மாநிலத்தின் ஒரு பாதி, 71 வீதம். அங்கே மினாராவைக் கண்ணால் கண்டவர்களே குறைவு. அதே நாடு 2021இல் ஒருபாலினத் திருமணத்துக்கு 64.1 வீதத்தால் 'ஆம்' என்றது. சனத்தின் வாக்கு நமக்குப் பிடித்த பக்கம்தான் விழும் என்று யார் எழுதித் தந்தது?

இன்னும் கிட்டத்தில் யோசிப்போம். 2020இல் ஜனாஸாக்களை எரிப்பதா அடக்குவதா என்று இந்த நாட்டில் ஒரு வாக்கெடுப்பு வைத்திருந்தால்? ஓய்வறையில் இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மணி அடித்தது, வகுப்புகளுக்குப் போய்விட்டோம்.

ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தை அனுப்பாமல் இருக்க முடியாதென்றால் கீழே உள்ள வரியை மட்டும் மாற்றி அனுப்புங்கள்: "பிளக்ஸ்லாண்ட் தொகுதியில் படிவம் அனுப்பியவர்களில் 73.9 வீதம் 'இல்லை'. யார் யார் என்று எவருக்கும் தெரியாது." நமது ஊர்க் குழுமங்களின் அட்மின்கள் நால்வருக்கு இதை எழுதிக் கேட்டோம். இருவர் பழைய படத்தை நீக்கிவிட்டார்கள். ஒருவர் பெருவிரலைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறார். நான்காமவர் இன்னும் பார்க்கவில்லை, நீல அடையாளம் விழவில்லை.