பாரா, டயரா?

கார் வைத்திருக்கும் அண்ணன்மார் பலருக்கு பானெட்டுக்குள்ளே பளபளன்னு ஒரு ஸ்ட்ரட் பார் மாட்டணும்னு ஆசை. ஸ்விஃப்ட் மாதிரி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில், முன்பக்க சஸ்பென்ஷன் இரண்டின் தலையையும் குறுக்கே இணைக்கிற கம்பி அது. ஆடுற பெஞ்சுக் காலுக்குக் குறுக்குச் சட்டம் அடிச்ச மாதிரி! வேகமாகத் திரும்பும்போது பக்கவாட்டு விசை அந்தத் தலைகளை இம்மியளவு அசைக்கும். சக்கரத்தின் சாய்வு மாறும். பார் அதைக் குறைக்கும். சரிதான்.

ஆனால் வாங்கும்போது கலரையா பார்ப்பது? ஒரே துண்டாக இருக்கா, முனைத் தகடு தடிமனா இருக்கான்னு பாருங்க. முனையில் போல்ட்டில் மடங்குற பார் அவ்வளவு உறுதி தராது. மாட்டினபிறகு பானெட் மூடுமா என்றும் பார்க்கணும். (சிரிக்காதீங்க!)

இன்னொன்று. ரோட்டைத் தொடுவது பார் இல்லை, நாலு டயர்தான். டயர் பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறியின் உயரம் 1.6 மி.மீ. ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்த பிறகும் பாருக்குக் காசு கொடுப்பது எனக்குச் சுத்தமாப் பிடிக்கலை. மழையில் வழுக்குற வண்டியை எந்தக் கம்பியும் பிடிச்சு நிறுத்தாது. பின் சீட்டில் உட்கார்ந்து வருவது தம்பி, தங்கச்சிகளான நாமதானே? முதலில் டயர், காற்று, தேய்ந்த புஷ், வீல் அலைன்மென்ட். மிச்சக் காசு இருந்தா தாராளமா பார் வாங்குங்க அண்ணா!