மோட்டாரை மாத்துறதுக்கு முன்னாடி விரலைப் பாருங்க

இன்னைக்கு விவசாயம் இல்லை, மர வேலை. ஆனா படிச்சு முடிக்கும்போது ரெண்டும் ஒண்ணுதான்னு உங்களுக்கே தோணும்.

போன வாரம் அக்கா பையன் பெங்களூர்ல இருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. ரெண்டு வருஷமா வீட்டு மொட்டை மாடி ரூம்ல மரச்சாமான் செய்யுறான். யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான், ஆனாலும் கை சுத்தம். வந்ததும் வராததுமா கேட்டான்: "மாமா, 35 ஆயிரம் சேர்த்து வச்சிருக்கேன். இருக்கற டேபிள் சாவைத் தள்ளிட்டு பெருசா, மோட்டார் பவர் ஜாஸ்தியா ஒண்ணு வாங்கலாமா?"

நான் பதில் சொல்லல. என் இடது கட்டை விரலை நீட்டினேன். நகம் நடுவுல பிளந்துதான் வளரும், இனிமே எப்பவும்.

அந்தக் கதை இதுதான். எங்க கொட்டாயில நான் வச்சிருந்தது கடையில வாங்கின டேபிள் சா இல்லை. டைல்ஸ் அறுக்கற 4 இஞ்ச் மார்பிள் கட்டரைத் தலைகீழா ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில முடுக்கி, மரம் அறுக்கற பிளேடு மாட்டி, சுவிட்ச்சை அமுக்கினபடியே கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். தமிழ்நாடு முழுக்க ஆசாரிங்க பாதிப் பேரு இப்படித்தான் செய்யறாங்க. கன்னுக்குட்டிக்குத் தீவனத் தொட்டி செய்ய மாம்பலகையை நீளவாக்குல அறுத்துக்கிட்டிருந்தேன். பாதியில கரண்ட் போச்சு. பலகை பிளேடுல சிக்கி நின்னுது. கையால பிடிச்சு இழுக்கப் போன நேரம், கரண்ட் வந்துருச்சு. பலகை என் வயித்துல வந்து மோதுச்சு, விரல் பிளேடுல பட்டுது. ஏழு தையல். எலும்புக்குப் போகல, அது என் நல்ல நேரம்.

தப்பு யாருது? கரண்ட்டுதா? இல்லவே இல்லை. கயிறு கட்டின என்னுது.

இதுல எனக்கு வெக்கமான விஷயம் ஒண்ணு இருக்கு. கிணத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் வச்சிருக்கோம். கரண்ட் போனா அதுக்குள்ள இருக்கற காயில் விட்டுரும், திரும்ப வந்தாலும் நாமளா போய் பட்டன் அமுக்கினாத்தான் மோட்டார் ஓடும். ராத்திரி எழுந்து போகச் சோம்பல்பட்டு அதுக்கும் 'ஆட்டோ' போட்டு வச்சிருக்கோம். தண்ணி இறைக்க அது சரி. அதே புத்தியை ரம்பத்துக்கும் கொண்டுபோனா விரல் போகும்.

இப்ப அக்கா பையன் கேள்விக்கு வர்றேன். அவன் நினைப்பு, பவர் ஜாஸ்தியானா வேலை சுத்தமா வரும்னு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. 10 இஞ்ச் பிளேடு நிமிஷத்துக்கு 4000 சுத்து சுத்தினா, அதோட பல் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்துல ஓடுது. நம்ம நாட்றம்பள்ளி வழியா சென்னை - பெங்களூர் ரோட்டுல பறக்கற எந்தக் காரும் அந்த வேகம் போகாது. விரல் பட்டு, மூளைக்குத் தெரிஞ்சு, கையை இழுக்க ஒரு நொடியில அஞ்சுல ஒரு பங்கு ஆகும்னு வச்சுக்குங்க. 40 பல் பிளேடா இருந்தா அதுக்குள்ள ஐந்நூறு பல்லுக்கு மேல கடந்து போயிருக்கும். 'எனக்கு உஷார் ஜாஸ்தி'ன்னு சொல்றவங்களுக்கு இதுதான் என் பதில். உஷார் அவ்வளவு வேகமா ஓடாது.

இன்னொரு ஆபத்து, பலகை திருப்பி அடிக்கறது. மரத்துக்குள்ள இறுக்கம் இருக்கு. அறுக்க அறுக்க ரெண்டு பக்கமும் உள்ள மூடிக்கிட்டு பிளேடோட பின்பக்கத்தைப் பிடிக்கும். பின்பக்கப் பல் மேல எழும்பி வர்ற பல். பலகையைத் தூக்கி நம்ம மேலயே வீசும். பலகையோட சேர்ந்து கையும் பிளேடு பக்கம் இழுபடும். இதைத் தடுக்க பிளேடுக்குப் பின்னால சின்னதா ஒரு இரும்புத் தகடு நிக்கணும். அதுக்குப் பேரு ரைவிங் நைஃப். பிளேடோட உடம்பை விடக் கொஞ்சம் கனமா, பல் அறுக்கற இடைவெளியை விட மெலிசா இருக்கணும். அவ்வளவுதான் விஷயம். நான் செஞ்சு வச்சிருந்த மாதிரி மேஜையில அது கிடையவே கிடையாது.

வெளிநாட்டுல இதுக்கும் மேல போயிட்டாங்க. அமெரிக்காவுல ஸ்டீவ் காஸ்னு ஒருத்தர், இயற்பியல் படிச்ச வக்கீல், 1999-ல ஒரு வழி கண்டுபிடிச்சார். பிளேடுல சின்ன மின் சிக்னல் ஓடும். மனுச உடம்பு பட்டா சிக்னல் மாறும். உடனே ஒரு அலுமினியக் கட்டை பாய்ஞ்சு பல்லைக் கவ்வும், ஆயிரத்துல அஞ்சு பங்கு நொடிக்குள்ள பிளேடு நின்னுரும். விரலுக்குப் பதிலா சாசேஜ் வச்சுக் காட்டுவாங்க, கீறல் மட்டும் விழும். பெரிய கம்பெனிங்களோட பேச்சு ஒத்து வராம, சாஸ்டாப்னு சொந்தமாவே ஆரம்பிச்சு 2004-ல விக்கத் தொடங்கினாங்க. ஈர மரம் பட்டாலும் பிடிச்சுக்கும், ஒரு தடவை பிடிச்சா அந்தக் கட்டையை மாத்தணும். விலையும் நமக்கு எட்டாது. ஆனா அந்த யோசனை எட்டும்: மனுசன் தப்பு பண்ணுவான், அதனால மெஷின்தான் பொறுப்பு ஏத்துக்கணும்.

இது நமக்குப் புதுசும் இல்லை. கதிரடிக்கிற மெஷின்ல கை போனவங்க கணக்கு ஏறினதாலதான் 1983-ல ஆபத்தான இயந்திரங்கள் சட்டம்னே ஒண்ணு வந்தது. கதிரை உள்ள தள்ளுற வாய் நீளமா, மூடி இருக்கணும், கை உருளை வரைக்கும் எட்டக் கூடாதுங்கறதுதான் அடிப்படை. எங்க பக்கத்துப் பொண்ணுங்க ஆம்பூர், வாணியம்பாடிக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போறாங்க. தோல் வெட்டுற பிரஸ் சிலதுல ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் கத்தி இறங்கும். ஒரு கையை உள்ள விட்டுக்கிட்டு இயக்கவே முடியாது. இது யோசிச்சு செஞ்ச மெஷின்.

இவ்வளவு சொன்னா ஊர்ல ஒரு பதில் வரும்: "முப்பது வருஷமா கார்டு இல்லாமத்தான் அறுக்கறேன்." சொல்றவர் கையைப் பாருங்க. எங்க ஊர் பெரிய ஆசாரி ஒருத்தருக்கு ரெண்டு விரல் பாதிதான் இருக்கு. "தொழில் கத்துக்கிட்டதுக்குக் கட்டின ஃபீஸு"ன்னு சிரிப்பார். அவர் சிரிக்கறது அவர் பெருந்தன்மை. நாம அதைக் கேட்டு சிரிக்கறது நம்ம அறியாமை.

அதனால அக்கா பையனுக்கு நான் சொன்ன வரிசை இது. முதல்ல கரண்ட் போனா தானா விட்டுர்ற சுவிட்ச், முழங்காலால தட்டினாலே நிக்கற மாதிரி. ரெண்டாவது ரைவிங் நைஃப், மேல கார்டு. 'ஒரே ஒரு அறுப்புக்குத்தான்'னு கழட்டின கார்டு திரும்ப ஏறின சரித்திரம் கிடையாது, அதனால சுலபமா கழட்டி மாட்டுறதா பார்த்து வாங்கு. மூணாவது தள்ளுகோல், ரெண்டு. அதுக்குக் காசே வேண்டாம், மிச்சக் கட்டையில நீயே செஞ்சுக்கோ. நாலாவது நல்ல கூர் பிளேடு. மொக்கை பிளேடுதான் கையை அழுத்தித் தள்ள வைக்குது. கண்ணாடி போடு, கையுறை போடாதே, சுத்துற பிளேடு அதைப் பிடிச்சா கையையும் சேர்த்து இழுக்கும். லுங்கியும் தோள்ல துண்டும் போட்டு மெஷின் கிட்ட நிக்காதே (இது எனக்கே நான் சொன்னது). இதெல்லாம் முடிச்சு காசு மிச்சம் இருந்தா பெரிய மோட்டார்.

தப்பித் தவறி விரல் துண்டாயிட்டா, அந்தத் துண்டைச் சுத்தமான ஈரத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணியில வைங்க. நேரா ஐஸ் மேல வைக்காதீங்க, சதை கெட்டுரும். காயத்தை அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடிச்சுக்கிட்டு, கை அறுவை சிகிச்சை இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

கடைசியா நகரத்து நண்பர்களுக்கு ஒரு விஷயம். பொழுதுபோக்கா மரம் அறுக்கறவங்களுக்கு மட்டும் இதைச் சொல்லல. உங்க ஃபிளாட்ல கப்போர்டு, கிச்சன் வேலை நடக்கும்போது ஹால்ல ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்க. தலைகீழா கட்டின மார்பிள் கட்டர் முன்னாடி இருபது வயசுப் பையன் செருப்போட உட்கார்ந்திருப்பான். 1923 வருஷத்து இழப்பீட்டுச் சட்டம் விரலுக்குக் கணக்கு வச்சிருந்தது. கட்டை விரல் முழுசா போனா சம்பாதிக்கற திறன்ல 30 சதவீதம் போச்சு, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, சுண்டு விரல் 7. ஆனா மேஸ்திரிக்குக் கீழ மேஸ்திரின்னு வேலை செய்யற அந்தப் பையனுக்கு அந்தக் கணக்கு யாரு போட்டுக் கொடுப்பா?

மைக்காவுல என்ன கலர்னு மூணு நாள் பேசறோம். கொட்டேஷன் பேசும்போதே "கார்டு வச்ச மெஷின்லதான் என் வீட்ல அறுக்கணும், அதுக்கு ஆகற செலவை நான் தர்றேன்"னு ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்க. பெரிய தொகை ஆகாது.

அக்கா பையன் ஊருக்குப் போறப்ப கொட்டாய்க்கு வந்தான். என் பழைய கட்டர்ல இருந்த கயிறை அவனே அறுத்துப் போட்டுட்டான். "நீங்க முதல்ல மாத்துங்க மாமா, அப்புறம் எனக்குச் சொல்லுங்க"ன்னான். நியாயந்தான். கன்னுக்குட்டித் தொட்டி இன்னும் பாதியில நிக்குது. புது சுவிட்ச் வந்த பிறகுதான் அது முடியும்.