எலும்பு ஒட்டினால் போதுமா?

சாலை சைக்கிள் பந்தயத்தைப் பின்தொடர்பவர்கள் ஒரு கணக்கை விடாமல் போடுவார்கள். விழுந்த நாளிலிருந்து மறுபடி பந்தயத்தில் வந்து நின்ற நாள் வரை எத்தனை வாரம்? எண்ணிக்கை குறையக் குறைய வீரரின் புகழ் ஏறும். 2013 டூர் டி பிரான்ஸின் முதல் கட்டத்திலேயே இடுப்பெலும்பு முறிந்த ஜெரைன்ட் தாமஸ், மீதமிருந்த இருபது கட்டங்களையும் ஓட்டிப் பாரிஸ் சேர்ந்தது இன்றும் வீரக் கதையாகவே சொல்லப்படுகிறது. அந்த மன உறுதியைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை. ஆனால் திரும்பி வரும் நாளைக் குறிப்பவர்கள் யார் என்று பார்த்தால், வீரர், அவருடைய அணி, அந்த அணியிடம் சம்பளம் வாங்கும் மருத்துவர் என்று மூன்று பேருமே அவசரப்படக் காரணம் உள்ளவர்கள். பெரிய காயங்களைப் பொறுத்தவரை இந்த முடிவு அணிக்கு வெளியே இருக்கும் மருத்துவரிடம் போக வேண்டும். அவரும் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது.

அவசரத்துக்கு ஆதரவாக எல்லோரும் காட்டும் உதாரணம் யோனாஸ் விங்ககோர். 2024 ஏப்ரல் 4 அன்று ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், இறக்கம் ஒன்றில் பலர் கூட்டமாக விழுந்தபோது அவருக்குக் காறை எலும்பும் சில விலா எலும்புகளும் முறிந்தன, நுரையீரலும் சுருங்கியது. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தவர் ஜூன் 29 அன்று டூர் டி பிரான்ஸின் தொடக்கக் கோட்டில் நின்றார். பதினோராம் கட்டத்தில் தடேய் போகாச்சாரையே கடைசி மீட்டர்களில் முந்தினார். ஒட்டுமொத்தப் போட்டியில் 6 நிமிடம் 17 வினாடி பின்தங்கி இரண்டாம் இடம். வியக்க வைக்கும் மீட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் முறிந்தது எந்த எலும்பு என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் கவனிப்பதில்லை. காறை எலும்பு இந்த விளையாட்டில் அடிக்கடி முறிவது. தகடு வைத்துத் திருகினால் சில நாட்களிலேயே நிலைச் சைக்கிளில் மிதிக்கத் தொடங்கிவிடலாம். பெடலை அழுத்தும் வேலையில் அதற்குப் பங்கு குறைவு. போதாக்குறைக்கு, அவருக்குப் பின்னால் நின்றது உலகின் மிக வசதியான அணிகளில் ஒன்று.

தொடை எலும்பு முறிந்தவர்களின் கதை வேறு. 2019 ஜூனில் ரோவான் நகரில் தனிநபர் நேரப் பந்தயப் பாதையை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ் ஃப்ரூம், மூக்கைச் சிந்த ஒரு கையை எடுத்த நேரத்தில் காற்று தள்ளச் சுவரில் மோதினார். தொடை, முழங்கை, விலா எனப் பல எலும்புகள் முறிந்தன. நான்கு முறை டூர் வென்ற அவர் எட்டு மாதத்தில் பந்தயத்துக்குத் திரும்பினார். தலைப்புச் செய்திகளும் வந்தன. அதன்பின் அவர் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லவில்லை. 2022 டூரில் ஆல்ப் டுவேஸ் மலைக் கட்டத்தில் மூன்றாம் இடம் பெற்றதுதான் பேர் சொல்லும்படியான ஒன்று. எகன் பெர்னாலின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. 2022 ஜனவரியில் கொலம்பியாவில் பயிற்சியின்போது, நின்றிருந்த பேருந்தின் பின்புறத்தில் மோதித் தொடை எலும்பும் முழங்கால் சில்லும் முதுகெலும்புகளும் முறிந்தன. ஏழு மாதத்துக்குள் மறுபடி சைக்கிளில் எண் கட்டி ஓடினார். மறுபடி ஜெயிக்க 2025 பிப்ரவரி வரை, அதாவது மூன்று ஆண்டுகள், ஆயின. இருவரில் யாருக்கும் மன உறுதி குறைவு என்று சொல்ல முடியாது. உடைந்தது எது, எவ்வளவு உடைந்தது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது. வாரக் கணக்கை வைத்து வீரத்தை அளக்கும் பழக்கம் இதை மறைத்துவிடுகிறது.

உடல் ஒரே நாளில் முழுசாகத் திரும்பி வருவதுமில்லை. நுரையீரலும் தசைகளும் முதலில் வரும். திறன்மானியில் தெரியும் வாட் எண்கள் பழைய அளவைத் தொடும். சைக்கிளைக் கையாளும் நம்பிக்கை பின்னால்தான் வருகிறது. ரெம்கோ எவனபூல் 2020 ஆகஸ்டில் லொம்பார்டி பந்தயத்தில் பாலச் சுவரைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். ஏறத்தாழ ஒன்பது மாதம் கழித்து அவர் ஓடிய முதல் பந்தயமே மூன்று வார ஜிரோ டி இத்தாலியா. பத்துக் கட்டங்கள் முடிந்தபோது இரண்டாம் இடத்தில் இருந்தார், கால்களில் குறையில்லை. பதினோராம் கட்டத்தில் மண் சாலைகள் வந்ததும் நிமிடக் கணக்கில் பின்தங்கினார். பதினேழாம் கட்டத்தில் இறக்கம் ஒன்றில் விழுந்து பந்தயத்தை விட்டே விலகினார். அடுத்த ஆண்டே அவர் ஸ்பெயினின் வுவெல்டாவையும் உலகச் சாம்பியன் பட்டத்தையும் வென்றார் என்பதால், குறை திறமையில் இல்லை. ஆய்வகச் சைக்கிளில் கிடைத்த எண்ணை மட்டும் பார்த்த எந்த மருத்துவரும் அந்த ஜிரோவுக்கு அவரை அனுப்பியிருப்பார். இதையொட்டி இன்னொன்று. உடல் எடையைத் தாங்காத விளையாட்டு என்பதால் தொழில்முறைச் சைக்கிள் வீரர்கள் பலருக்கு, குறிப்பாக முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில், எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒட்டிய எலும்பு அடுத்த விழுகையைத் தாங்குமா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

தலைக்காயத்தில் வெளியார் விதியை இந்த விளையாட்டு ஏற்கெனவே ஓரளவு ஏற்றுக்கொண்டுவிட்டது. 2020 டூரில் விழுந்த ரொமேன் பார்டே, எழுந்து நிற்கவே தள்ளாடினார். ஆனாலும் மீதித் தொலைவை ஓட்டி முடித்தார். மூளை அதிர்ச்சி என்று அன்றிரவுதான் உறுதியானது. அந்த ஆண்டு இறுதியில் சர்வதேசச் சைக்கிள் சங்கமான யூசிஐ தலைக்காயத்துக்கான நெறிமுறையை அறிவித்தது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸில் ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்ட ஸ்டீவ் ஸ்மித் பரிசோதனைக்குப் பின் திரும்பி வந்து ஆடினார். அறிகுறிகள் மறுநாள்தான் தெரிந்தன. அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். சைக்கிள் பந்தயத்தில் மாற்று வீரர் கிடையாது. பத்து நிமிடம் நின்று சோதித்தால் கூட்டம் மலைக்கு அப்பால் போயிருக்கும். ஆகவே சாலையோரத்தில் எடுக்கும் முடிவு கடினம்தான். காயத்துக்கு மூன்று மாதம் கழித்து, அறைக்குள் உட்கார்ந்து எடுக்கும் முடிவுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததே. பல வீரர்களுக்கு ஒன்றிரண்டு ஆண்டு ஒப்பந்தம்தான். ஒரு பருவம் போனால் புதுப்பிக்க யாரும் முன்வரமாட்டார்களோ என்ற பயம் இருக்கும். அணிகளுக்கோ முதல்நிலை உரிமத்தைத் தக்கவைக்க மூன்றாண்டுச் சுற்றில் சேரும் புள்ளிகள் தேவை. புள்ளி கொண்டுவரும் வீரர் வீட்டில் படுத்திருந்தால் அணிக்கு நஷ்டம். இந்த நிலையில் அணி மருத்துவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி சரியில்லை.

‘வளர்ந்த மனிதர், அவர் உடல், அவர் முடிவு’ என்பது முதல் மறுப்பு. தனியாக மலையேறுபவருக்கு அது பொருந்தும். டூரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தோளோடு தோள் உரசி இறங்குகிறார்கள், மணிக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் வேகத்தில். வளைவில் தயங்கிப் பிரேக் பிடிக்கும் ஒருவர் பின்னால் வருபவர்களையும் சாய்ப்பார்; அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. விங்ககோரையே காட்டி மறுப்பவர்களுக்கும் ஒரு நினைவூட்டல்: முழுமையாகத் தேறினால்தான் டூருக்கு அனுப்புவோம் என்று அவருடைய அணி திரும்பத் திரும்பச் சொன்னது. எல்லா அணிகளும் அப்படி நடந்துகொண்டால் விதியே தேவைப்படாது.

இவற்றைவிட வலுவான மறுப்பு பயிற்சியாளர்களிடமிருந்து வருகிறது. பந்தய வேகமும் கூட்டத்துக்குள் இடம் பிடிக்கும் பழக்கமும் பந்தயத்தில்தான் திரும்பும், வீட்டில் காத்திருந்தால் பயம் வளரும் என்கிறார்கள். அது உண்மை. நான் கேட்பதும் காலவரையற்ற ஓய்வை அல்ல, படிப்படியான வருகையை. பெர்னால் திரும்பியது டென்மார்க்கின் ஐந்து நாள் பந்தயத்தில். அங்கே ஆல்ப்ஸ் இறக்கங்கள் கிடையாது. தொடை, இடுப்பு, முதுகெலும்பு முறிவுகளுக்கும் தலைக்காயத்துக்கும் பின், வெளி மருத்துவரின் சான்றும் ஒரு குறுகிய பந்தயத்தை முடித்த பதிவும் இல்லாமல் மூன்று வாரப் பந்தயத்தில் பெயர் சேர்க்கக் கூடாது என்று யூசிஐ விதிக்கலாம். அப்படித் தள்ளிவைக்கப்படும் மாதங்களுக்கு வீரரின் ஒப்பந்தமும் அதே அளவு நீள வேண்டும். இல்லாவிட்டால் வலியை மறைத்துச் சான்று வாங்கத்தான் பார்ப்பார்கள். சிறிய அணிகளுக்குச் செலவு கூடும் என்பது நியாயமான கவலை. மூன்று வாரப் பந்தயங்கள் ஆண்டுக்கு மூன்றே என்பதால், அந்தச் சான்றுகளுக்கான செலவை அவற்றை நடத்தும் நிறுவனங்களிடம் கேட்பது பெரிய கோரிக்கை அல்ல.