கம்பெனி வீடு, அம்மாவின் அலமாரி

வானொலியில் கனமழை எச்சரிக்கையை வாசித்து முடித்ததும் நான் செய்கிற முதல் வேலை, ஒரு பாட்டைப் போட்டுவிட்டு அம்மாவுக்கு வாட்ஸ்அப் அனுப்புவது. "அங்க மழையாம்மா?" ரந்தாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அப்பா மண்டோராக இருக்கிறார். பால்மரம் இருந்த காலத்தில் சேர்ந்தவர்; இப்போது செம்பனை. இன்னும் இரண்டு ஆண்டில் ஓய்வு.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமையை நம்மில் பலரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வாரக் கடைசி மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. நெகிரி செம்பிலானும் தப்பவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஸ்ரீ மூடாவில் தெருவோரமெல்லாம் சோஃபா, மெத்தை, குளிர்ப்பெட்டி, அலமாரி என்று குவிந்து கிடந்தன. அந்த வெள்ளத்தால் நாட்டுக்கு 610 கோடி ரிங்கிட் இழப்பு, அதில் குடியிருப்புகளுக்கு மட்டும் 160 கோடி என்று புள்ளிவிவரத் துறை பிறகு கணக்குச் சொன்னது. அரசாங்கம் குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் கருணைத் தொகை கொடுத்தது. உதவிதான். ஆனால் ஒரு துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினால் அது தீர்ந்துவிடும்.

அப்போதே வீட்டுப் பொருள்களுக்குக் காப்புறுதி எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவில் ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த ஆண்டுதான் எடுத்தேன். கற்றுக்கொண்டதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது ஒரே வாரத்தில் முடித்துவிடுங்கள்.

முதல் தடை அம்மாதான். "வீடு கம்பெனியோடது. அதுக்கு நாம எதுக்கு இன்சூரன்ஸ் கட்டணும்?"

கேள்வி நியாயமானது. பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தோட்டத்தில் தொழிலாளிக்கு வீடு கொடுத்தால் அது இன்ன தரத்தில் இருக்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 446 முதலாளிக்கு விதி வைத்திருக்கிறது. சுவரும் கூரையும் கம்பெனியின் பொறுப்பு. உள்ளே இருக்கிற குளிர்ப்பெட்டிக்கும் அலமாரிக்கும் கம்பெனி பொறுப்பல்ல. இரண்டு ஆண்டு கழித்து அப்பா ஓய்வு பெற்று வெளியேறும்போது வீட்டைச் சாவியோடு ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். கூட வரப்போவது உள்ளே இருப்பவை மட்டுமே. முப்பது ஆண்டு உழைப்பில் அவர்கள் பெயரில் மிஞ்சியிருக்கிற சொத்து லாரியில் ஏறக்கூடியது அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டில் வீட்டுக் காப்புறுதி மூன்று வகை. ஒன்று, அடிப்படைத் தீக்காப்புறுதி. தீ, மின்னல், வெடிப்பு இவற்றால் கட்டடத்துக்கு வரும் சேதத்துக்கு மட்டும். வீட்டுக்கடன் வாங்கியவர்களிடம் வங்கி கேட்பது பெரும்பாலும் இதைத்தான். "நான் ஏற்கெனவே கட்டுகிறேனே" என்று சொல்கிற நண்பர்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், உங்கள் டிவி அதில் இருக்காது. இரண்டாவது, வீட்டு உரிமையாளர் காப்புறுதி. இதுவும் கட்டடத்துக்குத்தான்; ஆனால் வெள்ளம், குழாய் வெடிப்பு போன்றவையும் சேரும். மூன்றாவது, ஆங்கிலத்தில் ஹவுஸ்ஹோல்டர் என்கிறார்களே, அது. வீட்டுக்குள் இருக்கிற பொருள்களுக்கு. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் தோட்ட வீட்டில் இருப்பவர்களுக்கும் வேண்டியது இதுதான். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி நிர்வாகக் குழு கட்டடத்துக்குக் காப்புறுதி எடுக்கிறது. உங்கள் வீட்டுக்குள் இருக்கிற மடிக்கணினிக்கு அதில் இடமில்லை.

நான் செய்யவிருந்த முதல் தவறு, என் பெயரில் எடுக்கப் பார்த்தது. பணம் நான்தானே கட்டுகிறேன்! ஆனால் பத்திரம் காப்பது காப்புறுதி எடுத்தவருக்கும் அவரோடு அதே வீட்டில் வசிக்கும் குடும்பத்தாருக்கும் சொந்தமான பொருள்களை. நான் இருப்பது கோலாலம்பூரில். ஆகவே அப்பா பெயரில்தான் எடுக்க வேண்டும், பணம் யார் கட்டினாலும்.

அடுத்தது கேள்விப் படிவம். சுவர் கல்லா, பலகையா? எங்களுடையது பாதிக் கல், மேலே பலகை, தகரக் கூரை. பலகை வீட்டுக்குக் கட்டணம் கூடும் என்று "கல் வீடு" என எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, கேட்ட கேள்விக்குக் கவனமாக உண்மையைச் சொல்வது நம் கடமை. தவறினால் இழப்பீடு கேட்கும்போது அதுவே காரணமாகிவிடும். வீட்டில் வியாபாரம் உண்டா என்றும் ஒரு கேள்வி இருந்தது. தீபாவளிக்கு அம்மா முறுக்கு சுட்டு விற்பார். சொல்லலாமா வேண்டாமா என்று அப்பா தயங்கினார். சொன்னோம். எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பிறகுதான் கணக்கு. "என்னம்மா, வீட்டுப் பொருள் எல்லாம் சேர்த்து எவ்வளவு இருக்கும்?" என்றேன். "அஞ்சாயிரம் இருக்குமா?" என்றார் அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொண்டே அறை அறையாக நடந்தோம். குளிர்ப்பெட்டி, டிவி, கிரைண்டர், தையல் மெஷின், கட்டில், சோஃபா, சாமி மேடையின் பித்தளை விளக்குகள். நகை தவிர்த்தே இன்றைய விலையில் 20,000 ரிங்கிட். மைலோ டின்னில் இருந்த நகை 16,000. மொத்தம் 36,000. அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? பாதி மதிப்புக்கு எடுத்தால் பாதி இழப்பீடுதான். 36,000 ரிங்கிட் பொருளுக்கு 18,000 என்று எடுத்து, 10,000 ரிங்கிட்டுக்குச் சேதமானால் கிடைப்பது 5,000. கட்டணத்தில் மிச்சம் பிடித்ததைப் பல மடங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். பழைய பொருளுக்குத் தேய்மானம் கழிப்பார்களா, புதிது வாங்கும் விலை தருவார்களா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நகைக்குத் தனி விதி உண்டு. வழக்கமான பத்திரத்தில் தங்கம், வெள்ளி எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது என்று வைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது 12,000. மீதி 4,000 வெளியே நிற்கும். அதுமட்டுமல்ல, மேசை நாற்காலி, மின்சாதனம் போன்றவை தவிர எந்த ஒரு பொருளும் 5 விழுக்காட்டுக்கு மேல் மதிப்புடையதாகக் கொள்ளப்படாது. எங்களுக்கு 1,800 ரிங்கிட். அம்மாவின் அட்டிகை அதைவிட எவ்வளவோ மேல். அதனால் அட்டிகையைத் தனியாகக் குறிப்பிட்டு, கடை ரசீதோடு பதிவு செய்தோம்.

தோட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, திருட்டு. பூட்டை உடைத்தோ கதவைப் பெயர்த்தோ நுழைந்திருந்தால்தான் இழப்பீடு. நம் தோட்டத்தில் பகலில் எந்த வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது? திறந்த கதவு வழியாக வந்து எடுத்துப் போனால் பத்திரம் பேசாது. அரிசி டின்னில் வைத்த ரொக்கம், மோட்டார் சைக்கிள், ஆடு, கோழி, பிறப்புப் பத்திரம் போன்ற ஆவணங்கள் இவையும் வழக்கமாகச் சேராது. பத்திரங்களை நகலெடுத்து என்னிடம் ஒரு படி வைத்திருக்கிறேன். மூலத்தை அம்மா பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். கரையான் அரிப்புக்கும் தேய்மானத்துக்கும் இழப்பீடு இல்லை. நிலச்சரிவு வேண்டுமென்றால் கூடுதலாகக் கேட்க வேண்டும். வெள்ளம் சேர்ந்திருக்கிறதா, முதல் எவ்வளவு ரிங்கிட்டை நாமே ஏற்க வேண்டும் என்பதைப் பத்திரத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நாங்கள் கேட்ட ஒரு நிறுவனம் பலகை வீடு என்றதும் வேண்டாம் என்றுவிட்டது. இரண்டாவது ஏற்றுக்கொண்டது. சேவை வரி, 10 ரிங்கிட் முத்திரைத் தீர்வை எல்லாம் சேர்த்தும் ஆண்டுக் கட்டணம் முந்நூறு ரிங்கிட்டைத் தொடவில்லை. தக்காபுலும் ஒரு வழி. அது முஸ்லிம் அல்லாதவர்களுக்கும் திறந்ததுதான்.

நாளைக்கே ஏதாவது நடந்தால்? உடனே நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும், படம் எடுக்க வேண்டும், திருட்டென்றால் போலீஸ் புகார் செய்ய வேண்டும். மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் நனைந்த பொருளைத் தெருவில் எறியக் கூடாது. முடிவில் திருப்தி இல்லையென்றால் 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையை நாடலாம்; எஃப்.எம்.ஓ.எஸ். என்று கேளுங்கள். வீடு மாறினாலும் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டில் எங்களுக்கு அந்த வேலை இருக்கிறது.

அப்பா கையெழுத்துப் போட்ட அன்று இரவு அம்மாவிடமிருந்து அழைப்பு. "அம்மிக்கல்லை லிஸ்ட்டுல எழுதினியா? பாட்டி கொடுத்தது."

அது எரியவும் எரியாது, வெள்ளத்தில் மிதக்கவும் மிதக்காது என்றேன்.

"இருக்கட்டும். எழுது."

எழுதிவிட்டேன்.