ராக்கெட் இல்லாத ஒரு விண்வெளி மையம்

கோடை லீவு விட்டாச்சுன்னா போதும், புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கிட்டு நம்ம ஆளுங்க வேனைக் கிளப்பிடுவோம். அந்த லிஸ்டில் ஹூஸ்டனோ கென்னடி விண்வெளி மையமோ கட்டாயம் இருக்கும். நாங்களும் ரெண்டையும் பார்த்தாச்சு. படுக்க வைத்திருக்கும் சாட்டர்ன் 5 ராக்கெட்டைப் பார்த்தால் பெரியவங்களுக்கே வாய் பிளக்கும். குறை சொல்ல ஒண்ணுமில்லை.

ஆனா எனக்கு ஒரு ஆதங்கம். வானத்தை ஆராய மேலேதான் போகணும்னு இல்லை, கீழேயும் போகலாம். அப்படிப் போன இடங்களில் ஒண்ணு நம்ம மக்கள் தோண்டினது. கோலார் தங்கவயல்!

என் தாத்தா நந்திதுர்க் மைன்ஸில் வேலை பார்த்தவர். வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்கப் போன ஆயிரக்கணக்கானவர்களில் ஒருத்தர். பக்கத்திலேயே சாம்பியன் ரீஃப் சுரங்கம், மூணு கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அங்கே சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கருவிகளை வைத்தார்கள்.

எதுக்கு? விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் காற்றுமண்டலத்தில் மோதும்போது நியூட்ரினோ பிறக்கும். பூமியையே துளைத்துக்கிட்டுப் போகிற துகள் அது. தரையில் வைத்துப் பிடிக்கப் பார்த்தால், திருவிழாக் கூட்டத்தில் ரகசியம் கேட்கிற கதைதான், மற்ற துகள்களின் இரைச்சல் அமுக்கிடும். அத்தனை பாறைக்குக் கீழே போனால் அந்த இரைச்சல் கிட்டத்தட்ட அடங்கிடும்.

1965-ல் சிக்கியது. அதே வருஷம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரைன்ஸ் குழுவுக்கும் சிக்கியது, ஆனா அச்சில் முதலில் வந்தது கோலார் கட்டுரை. இதே காற்றுமண்டல நியூட்ரினோக்களை ஆராய்ந்துதான் ஜப்பானின் கஜிதா 2015-ல் நோபல் வாங்கினார்.

இப்போ தெற்கு டகோடா பக்கம் வாங்க. மவுண்ட் ரஷ்மோர் போகிறவர்கள் லீட் என்ற ஊருக்கும் ஒரு நடை போயிட்டு வரணும். அங்கே ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் ரே டேவிஸ் சூரிய நியூட்ரினோவைப் பிடித்தார், 2002-ல் நோபல். அதே வருஷம் சுரங்கத்தை மூடினாங்க, அப்புறம் தண்ணீர் புகுந்தது. அதை இறைத்து வெளியேத்தி, ஆய்வகமாக்கி, மேலே பார்வையாளர் மையமும் வைச்சிருக்காங்க.

நம்ம சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. மிச்சம் சயனைடு மேடுகளும், வேலைக்காக விடியக்காலை ரயில் பிடித்து பெங்களூர் போகிற பிள்ளைகளும்தான். 'கே.ஜி.எஃப்.' என்றால் இன்னிக்கு உலகத்துக்கு சினிமா. என் பசங்களுக்கும் அப்படித்தான்.

"சோத்துக்கே வழியைக் காணோம், மியூசியம் கேக்குதா?" என்று ஊரிலிருக்கும் சித்தப்பா கேட்பார். நியாயமான கேள்வி. வேலையும் தண்ணீரும் முதலில் வரட்டும். ஆனா மூடின சுரங்கமும் ஊருக்குச் சோறு போடும் என்பதற்கு லீட் சாட்சி. நான் பெரிய ஆய்வகம் கேட்கலை. நந்திதுர்க்கில் தரைமேல் ரெண்டு அறை போதும். ஆட்களை இறக்கின கூண்டு, துளை போட்ட மெஷின், நியூட்ரினோ கருவியின் ஒரு மாதிரி, விளக்கிச் சொல்ல அந்த ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர். சம்பளமும் ஆச்சு.

கட்டுரையில் விஞ்ஞானிகள் பேர் இருக்கு, இருக்கட்டும். அத்தனை ஆழத்துக்குப் பாதை போட்டது யார்? நுரையீரலில் கல்தூசியோடு செத்தவங்க. அவங்க பேரும் சுவரில் இருக்கணும்.

அது வரும்வரை நாம ஒண்ணு செய்யலாம். அடுத்த தடவை பெங்களூரில் இறங்கி சென்னைக்குக் காரில் போறீங்களா? தங்கவயலுக்கு அரை நாள் ஒதுக்குங்க. ராக்கெட் இருக்காது. "விண்ணை நம்ம தாத்தாக்கள் மண்ணுக்குள்ளேயிருந்து பார்க்க வெச்சாங்க" என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அந்த இடமே போதும். என்ன சொல்றீங்க?