அடுத்தவர் என்றால் யார்?



நம்ம சேந்தமங்கலத்தில் இருந்து பார்த்தாலே கொல்லிமலை தெரியும். இப்போ காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி பஸ்ஸிலேயே போகலாம். நூறு வருஷத்துக்கு முன்னாடி அந்த ரோடு கிடையாது. நடந்தோ குதிரையிலோதான் ஏறணும். அப்படி ஏறிப் போய் வாழவந்திநாட்டில் வாழ்ந்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், அவர் மனைவி ஈவ்லின் பிராண்ட். இங்கிலாந்தில் இருந்து வந்த கிறிஸ்தவ மிஷனரிகள்.

அடுத்தவரையும் உன்னைப் போல நேசி என்பது கிறிஸ்தவர்களின் முக்கியமான போதனை. அந்த அடுத்தவர் யார் என்று ஒருவர் கேட்டபோது இயேசு ஒரு கதை சொன்னாராம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்து இரண்டு பேர் ஒதுங்கிப் போனார்கள். வேற்று இனத்தான் ஒருவன்தான் கிட்டே போய்க் காயத்தைக் கட்டினான்.

கிட்டே போனான் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்.

அந்தக் காலத்தில் மலையில் நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. கெட்ட தண்ணீரைக் குடித்தால் உடம்புக்குள் நீளமாகப் புழு வளர்ந்து காலில் வெளியே வரும். பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். சின்னக் குச்சியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித்தான் எடுக்கணும். ஜெஸ்ஸி பிராண்ட் அதைப் பொறுமையாகச் செய்தார். கிணற்றுக்குள் கால் வைக்காதபடி சுவர் கட்டவும், தண்ணீரைத் துணியில் வடிகட்டவும் சொல்லிக் கொடுத்தார். நம் நாட்டில் அந்த நோயே இல்லை என்று 2000-ல் அறிவித்தார்கள்.

1918 வாக்கில் உலகமெல்லாம் விஷக்காய்ச்சல் பரவியபோது இவர்கள் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொடுத்தார்கள். இவர்களை எதிர்த்து வந்த பூசாரி ஒருவரும் காய்ச்சலில் படுத்தார். யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. இவர்கள் போனார்கள். சாகும்போது அவர் தன் குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார்.

"மதம் பரப்பத்தானே வந்தாங்க?" என்று சிலர் கேட்கலாம். அதுக்கும்தான் வந்தார்கள். ஆனால் எதிர்த்தவருக்கே கஞ்சி கொடுத்ததில் கணக்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாங்களும் ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது யார் என்ன ஜாதி, என்ன மதம் என்று கேட்பதில்லை.

ஜெஸ்ஸி பிராண்ட் 1929-ல் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் பாட்டி வேலையில் ஓய்வு பெற்ற பிறகும், 68 வயசுக்கு மேல் மறுபடியும் மலை ஏறி வந்து சேவை செய்தார். 1974-ல் 95 வயதில் இறந்தார். மலையில் வளர்ந்த இவர்கள் மகன் பால் பிராண்ட் வேலூர் மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தியவர். ஒரு நாள் ஒரு நோயாளியின் தோளில் அவர் கை வைத்ததும் அந்த ஆள் அழுதுவிட்டாராம். பல வருஷமாக யாருமே தன்னைத் தொட்டதில்லை என்பதுதான் காரணம்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. என்னோடு படிக்கிற ஒரு புள்ளைக்குக் கையில் படை வந்தது. ஒட்டிக்கும்னு சொல்லி பெஞ்சில் நாங்க மூணு பேரும் தள்ளி உக்காந்தோம். சாப்பாட்டு வரிசையிலும் அது பின்னாடி யாரும் நிக்கல. "ஐயோ பாவம்"னு மட்டும் பேசிக்கிட்டோம். மருந்து போட்டு படை ஆறியும் போச்சு. ஆனா அந்தப் புள்ள இன்னும் ஓரமாத்தான் உக்காருது. படையை விட நாங்க தள்ளி உக்காந்ததுதான் அதுக்கு ஆறல.

எட்ட நின்னு பாவம்னு சொல்றது அன்பு இல்லை என்பது என் கருத்து. நாம் மலை ஏற வேண்டாம், ஆபரேஷன் செய்ய வேண்டாம். லீவு போட்டவங்களுக்கு நோட்டு கொடுக்கலாம். சண்டை போட்டவங்ககிட்ட நாமே முதலில் பேசலாம். "இங்க வா, பக்கத்துல உக்காரு" என்று கூப்பிடலாம். இதுக்குக் காசு ஆகாது.

அடுத்து உக்காந்திருப்பவர்தான் அடுத்தவர். நாளைக்கு என் பை அந்தப் புள்ள பக்கத்தில் இருக்கும். நீங்களும் யார் பக்கத்தில் காலியாக இருக்குன்னு பாருங்க.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி