பகடையைத் திருத்தாதீர்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தும் சிலர், ஆடுபவர் தோற்கப்போகிறார் என்றதும் மறைப்பு அட்டைக்குப் பின்னால் பகடை எண்ணை மாற்றிச் சொல்கிறார்கள். கேட்டால், இரக்கமாம்!

நான் ஆசிரியர். படிப்பிக்காததை வினாத்தாளில் போட்டுவிட்டு, விடைத்தாளில் புள்ளியைக் கூட்டினால் அது இரக்கமா?

2014 விதிகளில் ஓகர் அரக்கனின் ஓர் அடி சராசரியாக 13 உயிர்ப்புள்ளியைப் பறிக்கும். முதல் நிலை மந்திரவாதியிடம் இருப்பதோ பெரும்பாலும் பத்துக்குள்தான். அந்தச் சண்டையை வைத்தது யார்? நீங்கள்தான்.

கணக்கை முன்கூட்டியே பாருங்கள். குகை வாசலில் எலும்புக் குவியலைக் காட்டி எச்சரியுங்கள். தப்பியோடவும் பேசித் தீர்க்கவும் வழி வையுங்கள். பிறகு பகடை விழுந்தபடி விழட்டும்.

இனாம் வெற்றியைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் உண்மையாக வென்றதையும் நம்பமாட்டார்கள்.